சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வங்கி

மூன்றாமாண்டு, இளங்கலை வணிகவியல்

"வங்கி என்பது யாது?" என்று முதலாண்டில் எங்கள் பேராசிரியர் வினவினார். பாடநூலில் உள்ளபடியே விடை சொன்னேன்: "பொதுமக்களிடமிருந்து வைப்புத் தொகைகளைப் பெற்று, தேவைப்படுவோர்க்குக் கடன் வழங்கும் நிறுவனம்." "நன்று, அமர்க" என்றார். அந்த இலக்கணத்துக்கு ஒரு விலக்கு உண்டு என்பதை அதே ஆண்டில் என் அன்னை கண்டுவந்தார்.

என் அன்னை இட்லிக்கடை நடத்துபவர். பழுதுபட்ட கிரைண்டரை மாற்றப் பத்தாயிரம் ரூபாய் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு அவர் உள்ளே சென்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது. "சம்பளச் சீட்டு உண்டா? அரசு ஊழியர் யாரேனும் ஜாமீன் போடுவாரா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினோம். மறுநாள் தண்டல்காரர் கடைவாசலுக்கே வந்து பணம் கொடுத்தார். கையில் கிடைத்தது ஒன்பதாயிரம். திருப்பிச் செலுத்தியது நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள். வட்டிக் கணக்குப் படித்த பின்னர் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 78 வட்டி! அன்னையோ ஒருநாள்கூடத் தவறவில்லை. அப்படியானால் அவர் கடன் பெறத் தகுதியற்றவர் என்று எண்ணியது யார் பிழை?

இந்த வினா என்னுள் கிடந்தது. இவ்வாண்டு வகுப்புக் கருத்தரங்கில் அயல்நாட்டு வங்கியாளர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டபோது, இலண்டனையும் நியூயார்க்கையும் விட்டுவிட்டுக் கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டிற்குச் சென்றேன். அங்கே என் வினாவிற்கு விடை தேடிய ஒருவரைக் கண்டேன். அவர் பெயர் ஜேம்ஸ் முவாங்கி. அவர் வரலாற்றை இங்கே என் தோழர் தோழியர் முன் வைக்கிறேன்.

மலைச்சரிவின் மைந்தன்

கென்யாவின் நடுப்பகுதியில் அபர்டேர் மலைத்தொடர் உள்ளது. அதன் கிழக்குச் சரிவில் தேயிலையும் காப்பியும் விளையும் முராங்கா மாவட்டம். வெள்ளையராட்சியை எதிர்த்து எழுந்த மௌ மௌ போராட்டத்தின் களங்களுள் ஒன்று அது. அந்த மாவட்டத்தில் 1962ஆம் ஆண்டு முவாங்கி பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் கென்யா விடுதலை பெற்றது. நாடும் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே வயதினர் எனலாம்.

இளமையிலேயே தந்தையை இழந்த அவரை, கைம்பெண்ணான தாய் உழைத்து வளர்த்தார். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேற்றுமை பாராமல் அனைவரையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது அத்தாயின் உறுதி. பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கரி விற்றும் பழம் விற்றும் வீட்டு வருவாய்க்குத் துணை நின்றனர். காசின் அருமையைப் பாடநூலில் கற்பதற்கு முன்பே சந்தையில் கற்ற சிறுவர், பின்னர் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போலவே வணிகவியல் பயின்றார். தணிக்கையாளராகத் தேர்ச்சி பெற்றார். உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனங்களில் பணியாற்றியபின், டிரேட் பாங்க் என்னும் வங்கியில் நிதிக் கட்டுப்பாட்டு அலுவலரானார்.

1993ஆம் ஆண்டு கென்ய வங்கித் துறைக்குப் பொல்லாத ஆண்டு. பல வங்கிகள் சரிந்தன. டிரேட் பாங்கும் அவற்றுள் ஒன்று. கல்வியும் அனுபவமும் உடைய முப்பத்தொரு வயது இளைஞர் அடுத்து எங்கே போவார்? இன்னொரு பெரிய வங்கிக்குத்தான் என்று நாம் நினைப்போம். முவாங்கி சென்றதோ மூழ்கிக்கொண்டிருந்த ஒரு படகுக்கு.

அறுபத்தாறில் அறுபத்தாறாவது

அந்தப் படகின் பெயர் ஈக்விட்டி பில்டிங் சொசைட்டி. 1984இல் பீட்டர் முங்கா என்பவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வீட்டுக் கடன் சங்கம் அது. சிறு வருவாய்க்காரர்களிடம் சேமிப்பைத் திரட்டி, அவர்களுக்கே வீட்டுக் கடன் வழங்குவது நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் நல்ல நோக்கம் மட்டும் வங்கியைக் காப்பாற்றாது.

நேர்ந்த பிழை என்ன? எளிதாகச் சொல்கிறேன். உழவர் வைக்கும் சேமிப்பு இன்றோ நாளையோ திரும்ப எடுக்கப்படுவது. வீட்டுக் கடனோ பத்து, பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்புவது. குறுகிய காலப் பணத்தை நெடுங்காலக் கடனில் முடக்கினால், கேட்ட நேரத்தில் கொடுக்கப் பெட்டியில் காசு இராது. அத்துடன் கொடுத்த கடனும் வராவிட்டால்? அதுவும் நடந்தது. 1993இல் மத்திய வங்கி கணக்கைப் பார்த்தபோது, கடன்களில் நூற்றுக்கு 54 பங்கு வாராக் கடனாகக் கிடந்தது. 30 இலட்சம் ஷில்லிங் மூலதனம். 3 கோடியே 30 இலட்சம் ஷில்லிங் நட்டம். அன்றாடச் செலவுக்கே வாடிக்கையாளர் வைப்பிலிருந்து எடுக்க வேண்டிய நிலை. நாட்டின் 66 நிதி நிறுவனங்களை வரிசைப்படுத்தியபோது ஈக்விட்டிக்குக் கிடைத்த இடம் 66! நொடித்த நிறுவனம் என்றே அது கருதப்பட்டது.

அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 27,000 பேர் சேமிப்பு வைத்திருந்தனர். பெரும்பாலோர் முவாங்கியின் ஊர்ப்பக்கத்து எளிய மக்கள். அதை மூடிவிட்டால் நட்டம் அந்த மக்களுக்குத்தான். நிறுவனர் முங்காவின் அழைப்பை ஏற்று நிதிப் பொறுப்பாளராக முவாங்கி சேர்ந்தார். அப்போது தலைமை நிர்வாகியாக இருந்தவர் ஜான் முவாங்கி என்னும் மற்றொருவர். ஒருவர் புகழ் பாடும்போது உடனிருந்தவரை மறப்பது நம் வழக்கம். இந்த வங்கி ஒருவர் கையால் எழுந்தது அன்று என்பதை இங்கேயே குறித்துவிடுகிறேன்.

செய்தது என்ன? முதலில், ஊழியர்களையே தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நிறுவனத்தின் பங்குகளை வாங்கச் செய்தார். வீட்டின்மேல் பற்றில்லாதவன் ஓட்டையை அடைக்கமாட்டான் அல்லவா? அடுத்து, நெடுங்கால வீட்டுக் கடனிலிருந்து சிறுதொழில், உழவு முதலியவற்றுக்கான குறுகிய காலச் சிறுகடனுக்கு நிறுவனம் திரும்பியது. ஊழியர்கள் மேசையைவிட்டுச் சந்தைக்குச் சென்று, "உங்களுக்கு எங்களிடம் என்ன குறை?" என்று மக்களைக் கேட்கத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் கணக்குகள் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டன. நீண்ட வரிசைகள் குறைந்தன.

தாழ்ந்தது வாசற்படி

இதே காலத்தில் பெரிய வணிக வங்கிகள் என்ன செய்தன? சிறு கணக்குகளால் செலவுதான் மிச்சம் என்று கருதிக் குறைந்தபட்ச இருப்புத் தொகையை உயர்த்தின. கிராமக் கிளைகள் பலவற்றை மூடின. அவர்கள் வேண்டாம் என்று தள்ளியவரை ஈக்விட்டி வா என்று அழைத்தது.

கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை. மாதாந்தரப் பிடித்தமும் இல்லை. தேசிய அடையாள அட்டை போதும். சம்பளச் சீட்டும் மின்கட்டண ரசீதும் கேட்கப்படவில்லை. கிளை திறக்க இயலாத ஊர்களுக்கு வங்கியே வண்டியில் ஏறி, குறித்த நாளில் சென்று நின்றது. தேயிலை உழவருக்கு விளைச்சல் பணம் கணக்கின் வழியே வருவதைக் கொண்டு, அதன்பேரில் முன்கடன் வழங்கப்பட்டது. நிலப்பத்திரம் இல்லாதவரிடம் வீட்டுச் சாமானும் கால்நடையும் ஈடாக ஏற்கப்பட்டன. அல்லது உடன் தொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றனர். கடன் அலுவலர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் கடையைப் பார்த்தார். நாளொன்றுக்கு எவ்வளவு விற்கிறது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதே சான்று. 2007இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்துடன் சேர்ந்து, பெண் தொழில்முனைவோர்க்கென ஃபனிகிஷா என்ற கடன் திட்டமும் தொடங்கப்பட்டது.

இவற்றைப் படித்தபோது என் அன்னையின் நூறு நாள் தவணை அட்டை நினைவுக்கு வந்தது. நூறு நாள் தவறாமல் செலுத்தியவருக்கு வேறென்ன சான்று வேண்டும்?

விளைவு என்ன? 2004ஆம் ஆண்டு இறுதியில் சங்கம் முழு வணிக வங்கியாயிற்று. அவ்வாண்டு முதல் ஜேம்ஸ் முவாங்கி தலைமை நிர்வாகியானார். 2006 ஆகஸ்டில் அதன் பங்குகள் நைரோபிப் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. 27,000 என்றிருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை 2008 அளவில் 30 இலட்சத்தைத் தாண்டியது. 2008இல் உகாண்டா, 2011இல் ருவாண்டா, 2012இல் தான்சானியா, 2015இல் காங்கோ என அண்டை நாடுகளிலும் கால் பதித்தது. 2010இல் கடைக்காரர்களை முகவராக அமர்த்தலாம் என்று மத்திய வங்கி இசைவளித்தபின், மளிகைக் கடையிலேயே பணம் போடவும் எடுக்கவும் வழி பிறந்தது. 2012இல் எர்ன்ஸ்ட் அண்டு யங் நிறுவனத்தின் உலகத் தொழில்முனைவோர் விருது முவாங்கிக்குக் கிடைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ஏழை சேமிக்கமாட்டான், கடனைக் கட்டமாட்டான் என்பது வெறும் எண்ணமே அன்றி ஆராய்ந்த முடிவு அன்று. ஏழையின் பத்து ஷில்லிங்கைக் கணக்கெழுத ஆகும் செலவே உண்மையான தடை. வண்டியாலும் கணிப்பொறியாலும் முகவராலும் கைப்பேசியாலும் அந்தச் செலவு குறைந்தது. செலவு குறைந்தவுடன் நூறு ஏழைகளின் கணக்கு ஒரு செல்வரின் கணக்கைவிட உறுதியான அடித்தளமாயிற்று. இது இரக்கத்தால் மட்டும் நடந்ததன்று; கணக்கறிவால் நடந்தது.

சிறகு தந்த கை

இனி அவருடைய கொடைப் பணிகளைக் காண்போம். வங்கி வளர்ந்தபின் தோன்றிய எண்ணம் அன்று இது. 1998 முதலே, பள்ளி இறுதித் தேர்வில் மாவட்டத்தில் முதலாவதாக வரும் மாணவர் ஒருவரையும் மாணவி ஒருவரையும் ஊதியத்துடன் வங்கிக் கிளையில் பயிற்சிக்குச் சேர்த்து, பல்கலைக்கழகம் செல்லும் வரை துணைநின்றது ஈக்விட்டி. 2008இல் ஈக்விட்டி குழும அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2010இல் மாஸ்டர்கார்டு அறக்கட்டளையின் துணையுடன் "பறக்கச் சிறகுகள்" என்னும் பொருள்படும் 'விங்ஸ் டு ஃப்ளை' உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றும், பெற்றோரை இழந்தோ வறுமையாலோ மேலே படிக்க இயலாத பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது இத்திட்டம். கட்டணம் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. நூல்கள், சீருடை, பள்ளிக்குப் போய்வரும் பயணச் செலவு, கைச்செலவுக் காசு ஆகியவற்றுடன் வழிகாட்ட ஒரு மூத்தவரும் உண்டு. கட்டணச் சலுகை கிடைத்தும் பேருந்துக் காசு இல்லாமல் படிப்பை விட்ட தோழியரை அறிந்த எனக்கு, இந்தப் பட்டியலின் அருமை தெரியும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதும் தலைமையகத்தில் அன்று. அந்தந்தப் பகுதியின் கல்வி அலுவலர், சமயப் பெரியோர், ஊர்ப் பொறுப்பாளர் முதலியோர் அடங்கிய குழு விண்ணப்பத்தை ஆராய்கிறது. கடன் கொடுக்கும்போது அக்கம்பக்கத்தாரைக் கேட்ட அதே வழக்கம் இங்கும் தொடர்வதைப் பாருங்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இத்திட்டத்தால் உயர்நிலைக் கல்வி பெற்றுள்ளனர்.

அவர்களுள் மருத்துவரானோர் என்ன ஆயினர்? என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். 2015 முதல் ஈக்விட்டி அஃபியா என்னும் மருத்துவ நிலையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அஃபியா என்றால் சுவாகிலி மொழியில் உடல்நலம். இந்நிலையங்களை நடத்துவோர், அத்திட்டங்களில் வளர்ந்த மருத்துவர்கள். பெற்றவர் கொடுப்பவராகிறார். ஊருணியில் மொண்டவர் ஊருணிக்கே மீண்டும் நீர் கொண்டுவருவது போன்றது இது.

2020இல் கொரோனா பரவியபோது, முவாங்கியின் குடும்பம் 30 கோடி ஷில்லிங்கும், வங்கிக் குழுமம் 30 கோடியும், மாஸ்டர்கார்டு அறக்கட்டளை 50 கோடியும் அளித்தன. மருத்துவப் பணியாளர்க்கான பாதுகாப்பு உடைகளுக்கு அத்தொகை பயன்பட்டது.

அன்னையின் கேள்வி

கருத்தரங்கிற்கு முந்தைய இரவு, எழுதியதை அன்னைக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் கடைக்கு மாவு ஆட்டிக்கொண்டே கேட்டார். நான் பாராட்டை எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ, "எல்லாம் சரி கண்ணு, அந்த ஆளு வட்டி எவ்வளவு வாங்குனாரு?"

என் வகுப்பில் எவரும் கேட்காத கேள்வி இது! நேர்மையாக விடை சொல்ல வேண்டும். வட்டி வாங்கத்தான் செய்தார். சந்தை வட்டி. 2016ஆம் ஆண்டின் நடுவில் கென்ய வங்கிகளின் சராசரிக் கடன் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18 அளவில் இருந்தது. நாடும் நாணயமும் வேறானாலும், தண்டல் வட்டியுடன் ஒப்பிட்டால் அது கால் பங்கிற்கும் குறைவே. ஆயினும் ஏழைக்கு அது பாரம்தான். கென்ய நாடாளுமன்றமும் அவ்வாறே கருதியது. 2016இல், மத்திய வங்கியின் வட்டிக்கு மேல் நூற்றுக்கு நான்குக்கு மிகாமல்தான் வட்டி வாங்கலாம் என்று சட்டம் வந்தது.

நல்ல சட்டம் என்று நாம் மகிழ்வோம். நடந்தது வேறு. அந்த வட்டிக்குச் சிறியவர்களுக்குக் கடன் கொடுப்பதைவிட அரசுப் பத்திரங்களை வாங்குவது மேல் என்று வங்கிகள் கணக்கிட்டன. ஈக்விட்டியும் அதற்கு விலக்கன்று. சிறுகடன் சுருங்கியது. 2019 நவம்பரில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. இதிலிருந்து நான் கற்றவை இரண்டு. ஏழையின் வங்கி என்று பெயர் பெற்றதும் வங்கிதான். ஆதாயம் குறையும்போது அதுவும் பின்வாங்கும். ஆகவே ஒருவருடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நாடு இருக்க முடியாது. அதே வேளையில், வட்டியைக் குறைக்கச் சட்டம் மட்டும் இயற்றினால், கடன் கொடுப்பவரே கதவடைத்துவிடுவார். ஏழை மீண்டும் தண்டல்காரரிடம் நிற்பார்.

இன்னொரு குறையும் சொல்லப்படலாம். "கொடையெல்லாம் வங்கிக்கு விளம்பரம்" என்பர். விளம்பரமும் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். கொடையில் பெரும் பங்கு அயல்நாட்டு அறக்கட்டளைகளும் அரசுகளும் தந்தது என்பதும் உண்மை. ஆனால் அப்பணத்தை நம்பி ஒப்படைக்கத்தக்க கிளைகளும் கணக்கும் ஊரறிந்த ஆட்களும் ஈக்விட்டியிடம் இருந்தன. சிறுகடனுக்காக அமைத்த வாய்க்கால் உதவித்தொகைக்கும் பயன்பட்டது. இதனால்தான் அவருடைய தொழிலையும் கொடையையும் நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. என் கருத்தில், உதவித்தொகை அவருடைய இரண்டாவது கொடை. குறைந்தபட்ச இருப்பை நீக்கி, "நீயும் எங்கள் வாடிக்கையாளர்" என்று ஏழையை எதிரே அமரவைத்ததே முதற்கொடை. அதில் அவர் ஒரு காசும் தானமாகத் தரவில்லை. தந்தது மதிப்பு.

முடிவாக

நம் வகுப்பில் பலர் வங்கித் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறோம். நாளை நம்மில் சிலரேனும் அந்த மேசைக்குப் பின்னால் அமர்வோம். எதிரே ஒரு பெண்மணி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நிற்பார். சம்பளச் சீட்டு இருக்காது. விதிகளை மீறுமாறு நான் சொல்லவில்லை. ஈக்விட்டி ஒருகாலத்தில் நொடித்ததே வாராக் கடனால்தான். "அமருங்கள் அம்மா, கடையில் நாளொன்றுக்கு எவ்வளவு விற்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பிறகு முடிவு சொல்வோம். முடிவு இல்லை என்பதாக இருந்தாலும் அது கணக்கைப் பார்த்துச் சொன்ன இல்லையாக இருக்கட்டும்.

என் அன்னையிடம் வட்டிக் கணக்கை விளக்கி முடித்தபோது, சற்று நேரம் ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பதினெட்டுன்னா கட்டலாம். கேட்டா கொடுக்கணுமே."

பேராசிரியர் இன்று மீண்டும் "வங்கி என்பது யாது?" என்று கேட்டால், அந்தப் பழைய இலக்கணத்தையே சொல்வேன். "தேவைப்படுவோர்க்கு" என்ற சொல்லை மட்டும் சற்று அழுத்திச் சொல்வேன்.